காலிக் கிண்ணங்கள்

ஜூன் 4

புயலுக்கு,

போனில் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போனில் நீ ஆரம்பித்தால் நான் ‘ம்’ கொட்டத்தான் லாயக்கு. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். இதைச் சமாதானத் தூது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உன் அண்ணன் வீட்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் வீட்டுக்காரன் சொன்னான். கிளம்பின வேகத்தில் கடை ஏப்ரனோடு பஸ் ஏறிவிட்டாயாம். அது கடைச் சொத்து. திருப்பி அனுப்பு.

அன்றைக்கு என்னை முழுசாகப் பேச விடவில்லை, இப்போது பேசுகிறேன். வாடிக்கையாளர்கள் கை கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. குழாய்க்காரர் வந்தார், கம்பியை விட்டு இழுத்தார், என் முழங்கை நீளத்துக்கு வெள்ளைவெளேரென்று கொழுப்பு வந்தது. “கை கழுவுற தொட்டியில யாரும்மா சூப்ப ஊத்துறது?” என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ மின்விசிறியைப் பார்த்தாய்.

நான் அடுப்படியில் நிற்பவள். வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன முகம் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள், எனக்கு எதுவும் தெரியாது. சமையலறை ஜன்னல் வழியாக நீ திருப்பித் தரும் கிண்ணம்தான் எனக்குச் சேதி. நூடுல்ஸைக் கொடுத்த காசுக்காவது தின்றுவிடுவார்கள். சூப்பை அப்படிக் குடிக்க மாட்டார்கள், பிடித்தால்தான் குடிப்பார்கள். காலியாக வந்த ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நான் அடுப்பைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்திருக்கிறேன். இப்போது அத்தனை சிரிப்பையும் திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கேவலம், யோசித்துப் பார்.

நீ கடைசியாகச் சொன்னதும் காதிலேயே நிற்கிறது. “என் வாயும் காலும் இல்லன்னா உங்க சூப்ப ஈகூட மொய்க்காது.” அதுவும் கடை நிறைய ஆளிருக்கும்போது. தையல்காரர் உறிஞ்சிக்கொண்டிருந்த நூடுல்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டார், பாவம், உள்ளே இழுப்பதா வெளியே விடுவதா என்று தெரியாமல்.

இப்போது பரிமாறுவதும் நான்தான். சூப்பைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன், நூடுல்ஸை வேகவைத்துக் கிண்ணம் நிரப்புவது உன் வீட்டுக்காரன். வருகிறவர்கள் எல்லாம் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து “வழக்கமானது” என்கிறார்கள். யாருக்கு எது வழக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை மட்டும் எழுதி அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம்.

அக்கா
(அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டதால் உனக்கு ஓரகத்தியாக வாய்த்த பாவத்துக்கு)

---

ஜூன் 9

அக்காவுக்கு,

வேறொன்றும் எழுத வேண்டாம் என்றால் நான் கேட்பேனா? உறையைப் பிரித்தால் ஏப்ரன் கேட்டிருக்கிறீர்கள், சிரித்துவிட்டேன், அடுத்த வரியில் குழாய்க்காரர் வந்துவிட்டார், அழுதுவிட்டேன். அண்ணி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு “ஒரே கடிதத்துல ரெண்டுமா?” என்றாள்.

முதலில் கடை வேலை. தையல்காரருக்கு முட்டை இரண்டு, வெங்காயத்தாள் கண்ணிலேயே படக்கூடாது, ஐஸ் போடாத தண்ணீர் சொல்லாமலே வைக்க வேண்டும். பல் டாக்டரம்மாவுக்கு நூடுல்ஸ் கொஞ்சம் குழைந்திருக்கணும், ஊருக்கெல்லாம் பல் பார்க்கிறவருக்குத் தன் பல் கூசும், வெளியில் சொல்லிவிடாதீர்கள். தபால்காரருக்கு மூங்கில் குருத்து கூடுதலாக, இறைச்சித் துண்டை அடியில் ஒளித்து வையுங்கள், கடைசியில் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். சுவரோரம் உட்காரும் புதுக் கல்யாண ஜோடிக்கு ஒரே கிண்ணம், இரண்டு ஜோடிக் குச்சி. இன்னொரு கிண்ணம் வேணுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், சண்டை வந்துவிட்டதோ என்று பயந்துபோவார்கள்.

இப்போது என் பங்கு. ஏன் கொட்டினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே அக்கா? கடை திறந்த முதல் வாரம், ஒரு கிண்ணம் பாதி சூப்போடு திரும்பி வந்தது. நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். “எனக்கெதுக்கு கடை? வீட்டுக்குச் சமைச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்” என்றீர்கள். வீட்டில் யாராவது செத்தபோதுகூட நீங்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த கிண்ணமும் பாதியில் நின்றது. என் கை தானாகவே தொட்டிப் பக்கம் போனது. அன்றைக்கு ஒன்று, மறுநாள் இரண்டு, அப்புறம் சாப்பாட்டு மேடையைத் துடைப்பது மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை.

என் காலைப் பற்றிச் சொன்னது மட்டும் வாபஸ் கிடையாது. இருக்கிற பத்துப் பன்னிரண்டு ஸ்டூலை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற வரிசையை நகர்த்துவது லேசுப்பட்ட வேலையா? ஒருவர் எழுந்த சூடு ஆறுமுன் அடுத்தவரை உட்கார வைத்தவள் நான். நீங்கள்தானே எனக்குப் புயல் என்று பெயர் வைத்தீர்கள்.

ஈ சமாசாரம் வாபஸ். அது வாய் தவறி வந்தது.

இங்கே அண்ணன் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை தருகிறேன் என்கிறான். வருகிறவர்கள் முகத்தில் ஒரு ஃபிரேமை மாட்டி, “உங்களுக்கு இது எடுப்பா இருக்கு” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் வீட்டுக்காரருக்கும் பக்கத்து பேக்கரியில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறானாம். மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறான். நான் சரி என்றால் உங்களுக்குப் பரிமாறவும் ஆளிருக்காது, நூடுல்ஸ் போடவும் ஆளிருக்காது. அது தெரியும். அதனால்தான் இன்னும் வாய் திறக்காமல் இருக்கிறேன்.

பின்தெருவில் நம்முடையது மாதிரியே சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ஒரு ராமென் கடை இருக்கிறது. சத்தியமாக நான் போகவில்லை.

புயல்

பி.கு. ஏப்ரன் துவைக்கப் போட்டிருக்கிறேன்.

---

ஜூன் 14

புயலுக்கு,

ஏப்ரனைத் துவைக்க ஐந்து நாளா?

உன் வீட்டுக்காரன் நூடுல்ஸ் வெட்டும்போது பெருமூச்சு விடுகிறான். பெருமூச்சு விடும்போதெல்லாம் கத்தி நகர்ந்து நூடுல்ஸ் தடித்துவிடுகிறது. “என்னங்க, இன்னைக்கு நூடுல்ஸா கயிறா?” என்று தபால்காரர் கேட்டார். ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று உன் வீட்டுக்காரன் கேட்டான். நீயும் போய்விட்டால் கடைக்குப் பூட்டுத்தான் என்றேன். அதற்கும் ஒரு பெருமூச்சு.

மாவு மூட்டை மேல் உட்கார்ந்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது.

கடைச் சேதி. முதல் நாள் டாக்டரம்மாவின் கிண்ணத்தைத் தையல்காரருக்கும், தையல்காரர் கிண்ணத்தை டாக்டரம்மாவுக்கும் வைத்துவிட்டேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்ததையே சாப்பிட்டார்கள். சூப்பில் உப்பைக் குறைத்தேன். “என்னம்மா, அண்டாவ மழையில வெச்சிட்டீங்களா?” என்றார் தையல்காரர். புதுக் கல்யாண ஜோடியிடம் உன் பேச்சைக் கேட்காமல் இன்னொரு கிண்ணம் வேண்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன். அந்தப் பெண் நிஜமாகவே அவனை முறைத்தாள்.

என் முட்டிவலி உனக்குத் தெரியும். மேடையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பதற்குள் விடிந்துவிடுகிறது. ஒருவர் கிண்ணத்தை எடுக்கலாம் என்று போவதற்குள் இன்னொருவர் தண்ணீர் கேட்கிறார், தண்ணீர் கொண்டுவருவதற்குள் முதல் ஆளை மறந்துவிடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் சூப்பை யாரும் குடிப்பதை நான் இதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. முதல் வாய் உள்ளே போனதும் தபால்காரர் கண்ணை மூடிக்கொள்கிறார். டாக்டரம்மாவின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடுகிறது, அவர் துடைப்பதே இல்லை, குருட்டாம்போக்கில் சாப்பிடுகிறார். தையல்காரர் ஒவ்வொரு முறை உறிஞ்சிவிட்டும் தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொள்கிறார். இதையெல்லாம் தினம் தினம் பார்த்துக்கொண்டு ஏண்டி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? காலிக் கிண்ணத்துக்குப் பதிலாக இதைச் சொல்லியிருந்தால் போதுமே எனக்கு.

கிண்ணங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வந்தேன். இப்போது வேண்டாம்.

அக்கா

---

ஜூன் 21

அக்காவுக்கு,

பின்தெரு ராமென் கடைக்குப் போய்விட்டேன். திட்டுவதென்றால் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். நிறையவே கிடைத்தது. முட்டையின் மஞ்சள் கெட்டியாகக் கிடந்தது, இறைச்சித் துண்டு காகிதத் தடிமன், சூப் நம் சூப்பின் கால்தூசிக்கு ஆகாது. பரிமாறியவர் குண்டாக ஒரு மனிதர், எதற்கும் அவசரமே கிடையாது, ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டே வருகிறார், போகிறார். நான் நூடுல்ஸை முடித்துக் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் என்னைத் தாண்டி இரண்டு முறை போனார், திரும்பியே பார்க்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கிண்ணத்தை எடுய்யா, வாசலில் ஆள் நிற்கிறது என்று கத்தலாம்போல இருந்தது.

சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத்தான் வராதே. கை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது. தூக்கி ஒரு வாய் குடித்தேன். பிறகு இன்னொரு வாய். அப்படியே அந்தச் சப்பைச் சூப்பை அடிவரைக்கும் குடித்துவிட்டேன் அக்கா! கால்தூசிக்கு ஆகாத சூப்பை!

அப்போதும் மண்டையில் ஏறவில்லை. நேற்று மதியம் மறுபடி போனேன், நல்ல கூட்டம். அவருக்குப் பதிலாக ஒரு சின்னப் பெண், துறுதுறுவென்று, பார்க்கவே பிடித்தது. நான் குச்சியைக் கீழே வைத்ததுதான் தாமதம், “முடிஞ்சுதாக்கா?” என்று கிண்ணத்தில் கை வைத்துவிட்டாள். “ஆச்சும்மா, எடுத்துக்கோ” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பாதிக் கிண்ணம் சூப் இருந்தது. எனக்கு அது வேண்டும். ஆனால் சிரித்த முகத்தோடு வந்து நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? எழுந்து காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தெருவில் நாலு எட்டு வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். முடிஞ்சுதாண்ணே? முடிஞ்சுதாக்கா? இது என் வசனம் அல்லவா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கிண்ணத்தில் கை வைத்துக்கொண்டுதான் கேட்பேன். யார் ‘இல்லை’ என்று சொல்வார்கள்?

உங்கள் சூப்பில் குறையே இல்லை அக்கா. குடிக்க விடாமல் துரத்தியதும் நான்தான், மிச்சத்தைக் கொட்டியதும் நான்தான், இதில் உங்களைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமை வேறு. மாவு மூட்டை மேல் உங்களை உட்கார வைத்ததே நான்தான்.

இன்னொன்றும் உறைத்தது. நான் நம் கடையில் ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கூட்டம் போனபிறகு, அண்டாவின் அடியில் ஆறிக் கிடக்கிறதை, உதிரி நூடுல்ஸோடு, நின்றுகொண்டே விழுங்குவேன். உங்கள் சூப் சூடாக எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. தெரியாமல்தான் அத்தனை நாள் அதற்காகப் பொய் சொல்லியிருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் நான் அங்கே வந்து என்ன கிழிக்கப் போகிறேன்? மெதுவாக நடக்க எனக்கு வராது. அண்ணனிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். கண்ணாடிக் கடையில் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

புயல்

---

ஜூன் 21

புயலுக்கு,

நல்ல சேதி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

குற்றம் முழுக்க உப்பின் மேல்தான். அன்றைக்குக் குறைத்தேன் அல்லவா, அதிலிருந்து கிண்ணங்கள் காலியாக வருகின்றன. நானே என் கண்ணால் பார்த்து, என் கையால் எடுக்கிறேன், சந்தேகத்துக்கு இடமில்லை. தொட்டி காய்ந்து கிடக்கிறது. ஆக, என் கைதான் உப்பில் தாராளமாக இருந்திருக்கிறது. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு வா.

அண்ணனிடம் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லிவிடாதே.

அக்கா

---

ஜூன் 25

புயலுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு சிரித்தேன் பார், உன் வீட்டுக்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டான்.

உப்புக் கதை பொய். தையல்காரர் மழை என்று சொன்ன மறுநாளே பழைய அளவுக்குப் போட்டுவிட்டேன். ஆனாலும் கிண்ணங்கள் காலியாக வந்தன. ஏன் என்று அப்போதே புரிந்துவிட்டது. என் முட்டி வலித்தது, நான் போய்ச் சேர நேரமானது, அதற்குள் அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் ரகசியம். உன்னிடம் சொன்னால் நீ மனசு விட்டுப்போய்த் திரும்பி வரமாட்டாய் என்று பயந்தேன். அதனால் பழியை உப்பின் மேல் போட்டேன். உப்பு திருப்பிப் பேசாது.

யோசித்துப் பார். நான் நோகக் கூடாது என்று நீ சூப்பைத் தொட்டியில் ஊற்றினாய். நீ நோகக் கூடாது என்று நான் பொய்யைக் காகிதத்தில் ஊற்றினேன். நல்ல குடும்பத்துக்கு வந்து சேர்ந்தோம், நாம் இரண்டு பேரும்.

அதற்காக என் நடைதான் உசத்தி என்று எண்ணிக்கொள்ளாதே. நான் பரிமாறுகிற லட்சணத்தில் வாசலில் நின்றவர்கள் பாதிப்பேர் எதிர்க்கடைக்குப் பன் தின்னப் போய்விட்டார்கள். கிண்ணமும் காலி, கல்லாவும் காலி. நேற்று வரிசையில் நின்ற ஒரு அம்மா, “அந்தப் பொண்ணு எங்கம்மா? அது இருந்தா நிக்கிறதே தெரியாது, பேசிக்கிட்டே இருக்கும்” என்றார். டாக்டரம்மா தினமும் கேட்கிறார். தபால்காரர் இந்தக் கடிதங்களை எடுத்துப் போகிறவர், அவர் மட்டும் கேட்பதில்லை, உறையின் கனத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். தச்சரைக் கூப்பிட்டு வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு போட்டாயிற்று. பெஞ்சு உன் ராஜ்யம். வருகிறவர்களை உட்கார வை, வாயாடு, யாருக்கு என்ன வேண்டும் என்று அங்கேயே கேட்டு உள்ளே குரல் கொடு, அவர்கள் ஸ்டூலில் ஏறும்போது கிண்ணம் தயாராக இருக்கட்டும். உன் வேகத்தையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் காட்டு. சாப்பிட்டு முடித்த கிண்ணத்தில் மட்டும் கை வைக்காதே, அதை என் முட்டி பார்த்துக்கொள்ளும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு நிபந்தனை. வந்த அன்றைக்கு நீ வேலை செய்யக் கூடாது. வாடிக்கையாளர் மாதிரி வாசல் வழியாக வந்து, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, சுடச்சுட ஒரு கிண்ணம் சாப்பிட வேண்டும். உனக்கு எது வழக்கமானது என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது பெரிய வெட்கமாகப் போய்விட்டது.

நீ இல்லாமல் கடை நடக்கிறது. ஆனால் நன்றாக இல்லை. வந்துவிடு.

அக்கா

---

ஜூன் 28

அக்காவுக்கு,

உங்களுக்குப் பொய் சொல்லவே வராது. அந்த உப்புக் கடிதத்தைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம், நீங்கள் எழுதினதில் ஒரு திட்டுக்கூட இல்லை.

அண்ணனிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் தொங்கிப்போய்க் கடைக்குக் கிளம்பிவிட்டான். பிறகு அவனே வந்து, “நீ கடைக்கு வந்தா ஃபிரேமை மூக்குல வைக்கிறதுக்குள்ள பில் போட்டுருவே, போய்த் தொலை” என்றான். அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

புதன்கிழமை மதியம் வருகிறேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள், நூடுல்ஸ் இன்னும் தடியாகிவிடும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. பல வருஷமாகப் புகழ்ந்து தள்ளின சூப்பை முதல் தடவையாகச் சூடாகக் குடிக்கப் போகிறேன். பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன்? பிடிக்கவில்லை என்றால் மிச்சம் வைப்பேன், இந்தத் தடவை மறைக்க மாட்டேன். அதற்கும் தயாராக இருங்கள்.

ஏப்ரன் காய்ந்துவிட்டது. இஸ்திரியும் போட்டாயிற்று.

புயல்

---

ஜூலை 2, மேடையிலிருந்து, ஆர்டர் சீட்டில்

அக்காவுக்கு,

நீங்கள் உள்ளே ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. வெளியே வராதீர்கள், வந்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன், சூப் ஆறிவிடும். அதனால் சாப்பிட்டுவிட்டு எழுதித் தருகிறேன்.

முதல் வாயில் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். நூடுல்ஸ் சரியான தடிமன், அவர் என்னைப் பார்க்குமுன் வெட்டியது போலிருக்கிறது. இறைச்சித் துண்டை அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், கண்டுபிடித்தேன். பக்கத்து ஸ்டூலில் தையல்காரர், நான் அழுவதைப் பார்த்துவிட்டு, “காரம் ஜாஸ்தியாம்மா?” என்கிறார். ஆமாம் என்றேன். இந்த ஒரு பொய்யை மன்னித்துவிடுங்கள்.

கிண்ணம் ஜன்னல் வழியாக வருகிறது. பாருங்கள். இதை யாரும் கொட்டவில்லை.

புயல்

---

அதே சீட்டின் பின்பக்கம்

பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன். கழுவ மனசு வராமல் அப்படியே அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு நீ வேலை செய்யக் கூடாது என்று சொன்னது வாபஸ். பெஞ்சு நிறைந்து தெருவரைக்கும் ஆள் நிற்கிறது, பன் கடைக்காரன் வாசலில் நின்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

ஏப்ரனைக் கட்டு. ஓடு, புயலே.